அந்தரத்தில் 3 மணி நேரம்! ஈ.சி.ஆர். வி.ஜி.பி. பூங்கா நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா?

சென்னை:

ராட்டினம் நடுவில் நின்று போவது உலகம் பூரா நடக்கிற சமாச்சாரம். அதற்காக யாரையும் திட்ட முடியாது. ஆனால் நின்ற ராட்டினத்தில் இருந்து ஆட்களைக் கீழே இறக்க 3 மணி நேரம் ஆனால்? அப்போதுதான் நிர்வாகத்தைப் பற்றிப் பேச வேண்டி வருகிறது.

2025-ம் ஆண்டு மே 27-ந்தேதி, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. 'கடைசியா ஒரு தடவை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க' என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிற நேரம். ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. பூங்காவில் அன்று நல்ல கூட்டம்.

மாலை நேரத்தில் ராட்சத ராட்டினம் ஒன்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போனது. போனது போனதுதான். இறங்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு. குழந்தைகள், பெண்கள் உள்பட எல்லோரும் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் பூங்கா தரப்பிலேயே கிரேனை வைத்து இறக்கப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பொழுது சாய்ந்தது. மேலே இருந்தவர்கள் செல்போனில் வீடியோ எடுத்து, 'எங்களைக் காப்பாத்துங்க' என்கிற மாதிரி வெளியே அனுப்ப, ஊரெல்லாம் பரவி பரபரப்பு ஆகிப்போச்சு. அதன் பிறகு தீயணைப்புப் படையினர் ஸ்கை லிப்ட் வாகனத்தோடு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். அதற்குள் சுமார் 3 மணி நேரம் ஓடிவிட்டது.

நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து இல்லை. மறுநாள் போலீசார் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டு, பாதுகாப்பு பற்றி தெளிவாகத் தெரியும் வரை இயக்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

செய்தி அத்தோடு முடிந்தது. நாலு நாள் பேசினோம், மறந்துவிட்டோம். நம்ம ஊரில் அதுதானே வழக்கம்?

அந்த 3 மணி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்பை அழுத்துகிற இரும்புக் கம்பி. காலுக்குக் கீழே தரை இல்லை. பக்கத்தில் அழுகிற குழந்தை. குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாத்ரூம் போக முடியாது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் அதில் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? மயங்கி விழுந்தால்கூட யாரும் போய்த் தொட முடியாத உயரம். கீழே நின்ற குடும்பத்தாருக்கோ அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அரை நூற்றாண்டு பந்தம்

வி.ஜி.பி. என்பது நேற்று முளைத்த கம்பெனி இல்லை. தென் மாவட்டத்தில் இருந்து சென்னைக்கு வந்து, வீட்டு உபயோகப் பொருட்களைத் தவணை முறையில் விற்று முன்னேறியவர் வி.ஜி.பன்னீர்தாஸ். மொத்தப் பணம் கொடுத்து ரேடியோ வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்கள் அந்தக் கடை வாசலில் நின்ற காலம் அது. அதே ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு இடம் வேண்டும் என்று யோசித்த மாதிரி, 1970-களில் கடற்கரையில் 'கோல்டன் பீச்' வந்தது.

அப்போதைய ஈ.சி.ஆர். இன்றைக்கு இருக்கிற ஈ.சி.ஆர். கிடையாது. சவுக்குத் தோப்பு, மணல் மேடு, மீனவர் குப்பம், அவ்வளவுதான். சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் வந்தது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை 1976-ல் வந்தது. அந்த வரிசையில் கோல்டன் பீச்சும் சேர்ந்துகொள்ள, மெரினா, முதலைப் பண்ணை, மகாபலிபுரம் என்று போகிற பள்ளிக்கூட டூர் பஸ் கட்டாயம் நிற்கிற இடமாக ஆனது. எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு அங்கே டூயட் எடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் சினிமாவில் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வந்தார்கள்.

சிலை மனிதனை யாரால் மறக்க முடியும்? ராஜா காலத்துக் காவலாளி மாதிரி உடுத்திக்கொண்டு, கண் இமைக்காமல் மணிக்கணக்கில் நிற்கிற மனிதர். சிரிக்க வைத்தால் பரிசு என்று சொல்லி, மூன்று தலைமுறை குழந்தைகள் அவர் முன்னால் குட்டிக்கரணம் போட்டிருக்கிறார்கள். அவர் சிரித்ததில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து இறக்குமதி செய்த எந்த ராட்டினத்தை விடவும், சம்பளத்துக்கு நிற்கிற அந்த ஒரு ஆள்தான் வி.ஜி.பி.க்கு பெரிய விளம்பரம் என்பது இந்தச் செய்தியாளரின் சொந்தக் கருத்து.

ஆகவே இந்தப் பூங்காவைப் பற்றிக் கேட்கிற கேள்வி, முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்கிற கேள்வி இல்லை. நம்ம வீட்டு ஆளைக் கேட்கிற மாதிரிதான்.

சும்மா சொல்லக் கூடாது

வியாபாரம் என்று பார்த்தால் இவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

சென்னையைச் சுற்றி இருந்த மற்ற பூங்காக்களின் கதையைப் பாருங்கள். பூந்தமல்லி பக்கம் இருந்த இ.வி.பி. பூங்காவில் 2012-ம் ஆண்டு ராட்டினத்தில் இருந்து விழுந்து இளம் விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். பூங்கா இழுத்து மூடப்பட்டது. பின்னால் அந்த இடம் சினிமா படப்பிடிப்புத் தளம் ஆனது. 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து 3 பேர் பலியானதும் அதே வளாகத்தில்தான். தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் ராட்டினத்தை சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து நடந்து, ஊழியர் ஒருவர் இறந்தார். பலர் காயம் அடைந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வி.ஜி.பி. தாக்குப் பிடித்திருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2016-ல் வர்தா புயல் வந்தது. 2020-ல் கொரோனா வந்து மாதக்கணக்கில் எல்லாப் பூங்காவும் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகும் கதவைத் திறந்து வைத்திருப்பது லேசான காரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈ.சி.ஆரில் கடலைப் பார்த்த மாதிரி நிலம் என்றால் இன்றைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். பிளாட் போட்டு விற்றாலோ, அடுக்குமாடி கட்டினாலோ உட்கார்ந்து சாப்பிடலாம். அப்படிச் செய்யாமல் இன்னும் பூங்காவாகவே வைத்திருக்கிறார்கள். 2019-ல் பக்கத்திலேயே கடல்வாழ் உயிரினங்களுக்கான கண்ணாடிச் சுரங்கம், 'மரைன் கிங்டம்' திறந்தார்கள். நல்ல யோசனை. வெயில், மழை எதுவும் அதைப் பாதிக்காது. ஏ.சி.யில் நடந்தபடியே தலைக்கு மேல் சுறா போவதைப் பார்க்கலாம். பனி உலகமும் அதே கணக்குதான்.

ஆனால் இதிலேயே ஒரு சந்தேகமும் வருகிறது. புதுசு புதுசாகக் காட்சி சேர்ப்பதில் காட்டுகிற வேகத்தை, பழைய ராட்டினங்களின் பேரிங்கிலும் வெல்டிங்கிலும் காட்டுகிறார்களா? மீன் தொட்டியைப் பார்த்தால் ஜனங்கள் கை தட்டுவார்கள். கிரீஸ் போட்டதற்கு யார் கை தட்டப் போகிறார்கள்?

உப்புக் காற்று சும்மா விடாது

கடலோரப் பூங்காவுக்கு என்று தனியாக ஒரு வியாதி உண்டு. அதன் பெயர் உப்பு.

நீலாங்கரை, பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாலும் துரு உள்ளே இருந்து கிளம்பும். ஏ.சி.யின் வெளிப்பெட்டி, உள்ளூரில் ஓடுகிற காலத்தில் பாதிகூட அங்கே தாங்காது. புது பைக் ஒரே மழைக்காலத்தில் பழசாகத் தெரியும். வீட்டு ஜன்னலுக்கே இந்தக் கதி என்றால், 24 மணி நேரமும் கடலைப் பார்த்து நிற்கிற இரும்பு ராட்டினத்துக்கு?

மதியத்துக்கு மேல் வீசுகிற கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளி வந்து இரும்பில் படிகிறது. இரவில் ஈரம் சேருகிறது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும், போல்ட்டுக்கு அடியில், வெல்டிங் சேருகிற இடத்தில், குழாய் மாதிரி உள்ளே வெற்றிடமாக இருக்கிற தூண்களின் உட்புறத்தில் துரு தின்றுகொண்டே இருக்கும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒலி அலை செலுத்தி, காந்தத் தூள் தூவி, சாயம் தடவி விரிசல் பார்க்கிற சோதனைகள் இருக்கின்றன. தொழிற்சாலைகளில் பாய்லருக்குச் செய்வது மாதிரி. செலவு பிடிக்கும். நாளும் பிடிக்கும்.

துரு இரும்பை மட்டும் தின்பதில்லை. இப்போதைய ராட்டினங்களில் எங்கே பார்த்தாலும் சென்சார். இருக்கைக் கம்பி பூட்டியதா, மேலே உச்சிக்கு வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் சென்சார் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதில் ஒன்று தப்பாகப் பேசினாலும் கம்ப்யூட்டர், 'எனக்கு சந்தேகமா இருக்கு' என்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். அப்படி நிறுத்துவதுதான் பாதுகாப்பு. உப்பு படிந்த ஒயர் முனை, சென்சாரைப் பொய் சொல்ல வைக்கும். ஆகவே கடலோர ராட்டினம் ஊருக்குள் இருப்பதை விட அடிக்கடி நிற்கத்தான் செய்யும்.

மே 27-ல் நின்றதற்கு உப்புதான் காரணம் என்று நாம் முடிவு கட்டவில்லை. ஆனால் கடலோரத்தில் பூங்கா நடத்துகிறவருக்கு, 'இது ஒருநாள் மேலே நிற்கும்' என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. தெரிந்திருந்தால் இறக்குவதற்கும் வழி யோசித்திருக்க வேண்டும் அல்லவா?

வெள்ளைக்காரன் ஊரில் என்ன செய்கிறான்?

இங்கிலாந்தில் பிளாக்பூல் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே உள்ள 'பிளஷர் பீச்' பூங்கா 1896-ல் தொடங்கியது. நம்ம வி.ஜி.பி.க்கு தாத்தா வயசு. அங்கேயும் அதே கடல், அதே உப்பு. 'பிக் ஒன்' என்கிற ரோலர் கோஸ்டரை 1994-ல் கட்டினார்கள். 200 அடிக்கும் மேல் உயரம்.

2021 ஏப்ரலில் அது உச்சிக்கு ஏறுகிற வழியில் நின்றுவிட்டது. பயணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நடந்தே கீழே இறங்கினார்கள்! ஏற்றத்தை ஒட்டி படிக்கட்டு இருக்கிறது. ஊழியர்கள் கூட வந்து, ஒவ்வொருவராகப் பிடித்து இறக்கிவிட்டார்கள். பயம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறங்குகிற வழியை ராட்டினம் கட்டும்போதே கட்டிவிட்டார்கள். அந்தப் பூங்கா குளிர்காலத்தில் ராட்டினங்களை நிறுத்தி வைத்துவிட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கிறது.

அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரில் ஆற்றங்கரை ஓரமாக 'ஓக்ஸ் பார்க்' இருக்கிறது. 1905-ல் திறந்தது. 2024 ஜூன் மாதம் அங்கே ஒரு ராட்டினம் 28 பேரோடு தலைகீழாக நின்றது. தலைகீழாக! கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது. தீயணைப்புப் படை வந்தது. பூங்காவின் என்ஜினீயர்களோடு சேர்ந்து கையாலேயே இயக்கி இறக்கினார்கள். தொங்கியது சுமார் அரை மணி நேரம். அதன் பிறகு அந்த ராட்டினத்தை இனிமேல் ஓட்டவே மாட்டோம் என்று நிர்வாகமே அறிவித்துவிட்டது.

அங்கே அரை மணி, இங்கே 3 மணி. இரண்டும் பழைய பூங்கா. இரண்டிலும் ராட்டினம் நின்றது. வித்தியாசம் எங்கே என்றால், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் செத்தாலும் கையால் இறக்குகிற வழி தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தாரா என்பதில்தான். பெரிய ராட்டினம் வாங்கும்போது, அவசர நேரத்தில் எப்படி இறக்குவது என்கிற முறையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அதை ஊழியர்கள் பழகியிருக்க வேண்டும். கிரேன் பிடித்து வந்து முயற்சி பண்ணிப் பார்த்தார்கள் என்றால், பழகவில்லை என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது?

தீயணைப்புப் படையை எத்தனையாவது நிமிடத்தில் கூப்பிட வேண்டும் என்பதும் நிர்வாகம்தான். நம்மாளே சமாளித்துவிடலாம், வெளியே தெரிந்தால் பேர் கெட்டுப்போகும் என்று ஒரு யோசனை எந்தக் கம்பெனிக்கும் வரும். மேலே தொங்குபவன் கையில் செல்போன் இருக்கிற காலத்தில் அந்த யோசனை எடுபடாது. பேர் கெடுவது என்னவோ நடந்தேவிட்டது.

லிப்டுக்கு இருக்கிற சட்டம்

பழி முழுவதையும் பூங்கா தலையில் கட்டிவிட்டு அரசாங்கம் தப்பித்துக்கொள்ள முடியாது.

நாலு மாடி அடுக்குமாடி வீட்டில் லிப்ட் வைக்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் 1997-ல் இருந்து அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்க வேண்டும், மின் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஆறு பேர் ஏறுகிற பெட்டிக்கே அத்தனை கெடுபிடி. முப்பது பேரைத் தூக்கி அந்தரத்தில் சுழற்றுகிற இயந்திரத்துக்கு அதை விட ரெண்டு மடங்கு கெடுபிடி வேண்டாமா?

குஜராத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் பலி. 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு மையத்தில் தீப்பிடித்து 27 பேர் கருகிச் செத்தார்கள். அதன் பிறகுதான் அந்த வருஷமே ராட்டினங்களுக்கும் விளையாட்டு மையங்களுக்கும் தனிப் பாதுகாப்பு விதிகள் கொண்டு வந்தார்கள். நமக்கு மே 27 வெறும் எச்சரிக்கையோடு போயிருக்கிறது. பிணம் விழுந்த பிறகுதான் விதி எழுத வேண்டும் என்று கட்டாயமா?

ராட்டினம் நின்றதும் வந்தது யார்? போலீஸ். நோட்டீஸ் கொடுத்தது யார்? போலீஸ். அவர்கள் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள், வழக்குப் போடுவார்கள். கியர் பாக்சைத் திறந்து பார்த்து 'இது ஓடலாம், இது ஓடக் கூடாது' என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் படித்த என்ஜினீயர் வேண்டும். ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் ஈ.சி.ஆரில் இருந்து எவ்வளவு தூரம்? ஒரு ஆட்டோ தூரம்தான்!

போட்டி வந்தாச்சு

நிர்வாகம் இதில் தூங்க முடியாததற்கு வியாபாரக் காரணமும் ஒன்று இருக்கிறது.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள். ரூ.611 கோடி முதலீடு, 43 ராட்டினங்கள், சுவிட்சர்லாந்து கம்பெனி செய்த தொங்கும் ரோலர் கோஸ்டர் என்று பெரிய அளவில் வந்திருக்கிறது. கொச்சி, பெங்களூரு, ஐதராபாத், புவனேஸ்வரம் என்று ஏற்கனவே நாலு ஊரில் நடத்திப் பழகியவர்கள்.

ஒரு குடும்பம் நாலு பேர் கிளம்பினால் டிக்கெட், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., சாப்பாடு, வண்டிச் செலவு என்று மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு விழுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் முடியும். அந்த ஒரு தடவை எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வரும்போது, 'அங்கயா? அன்னைக்கு மேலேயே மாட்டிக்கிட்டாங்களே!' என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். பேச்சு அத்தோடு முடிந்தது.

வொண்டர்லாவிடம் கடல் கிடையாது. சிலை மனிதனும் கிடையாது. 50 வருஷ ஞாபகமும் கிடையாது. இந்த மூன்றும் வி.ஜி.பி.யிடம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் புது ஆளோடு உயரத்தில் போட்டி போட நினைத்தால் தோற்றுத்தான் போக வேண்டும். எத்தனை அடி உயரம் என்பதை விட, எத்தனை வருஷத்து இயந்திரம், கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தார்கள் என்று சொல்லுகிற பூங்காவாக இருந்தால் தாத்தா, பாட்டி தைரியமாகப் பேரனை அனுப்புவார்கள். வயசான ராட்டினங்களில் ரெண்டைக் கழற்றிப் போட்டாலும் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

இந்தப் பூங்கா என்றில்லை, பொங்கலுக்கு தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனாலும் சரி, ஊர்த் திருவிழா ராட்டினத்தில் ஏறினாலும் சரி, கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு சுற்று சும்மா நின்று பாருங்கள். ஆபரேட்டர் பயணிகளைப் பார்க்கிறாரா, செல்போனைப் பார்க்கிறாரா? இருக்கைக் கம்பியைப் பூட்டிவிட்டு ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை 'ம்... ரைட்' என்று கை காட்டிவிட்டுப் போகிறாரா? ராட்டினத்தின் அடிப்பாகத்தில் போல்ட்டைச் சுற்றித் துரு நீர் வழிந்த கறை இருக்கிறதா? வழக்கத்துக்கு மாறாக கடகடவென்று சத்தம் வருகிறதா? சந்தேகமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போகட்டும். உயரம் குறைந்த பிள்ளையை, 'ஏத்திக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது' என்று கெஞ்சி ஏற்றுகிற அப்பாக்களும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த உயரக் கோட்டை சும்மா அழகுக்குப் போட்டு வைக்கவில்லை.

சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது. மேலே மாட்டினால் எவ்வளவு நேரம் என்று இப்போது நமக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு போர்டு மாட்டலாம். எந்த வருஷம் நிறுவியது, கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதித்தது, அடுத்த சோதனை எப்போது என்று தமிழில், பெரிய எழுத்தில். கோவில் வாசலில் அன்னதானம் எத்தனை மணிக்கு என்று எழுதிப் போடுகிற மாதிரி. மே 27 சம்பவத்தில் கோளாறு எதனால் வந்தது, என்ன மாற்றினோம் என்பதையும் பூங்கா வாசலிலேயே எழுதி வைத்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஜூன், ஜூலையில் வார நாட்களில் கூட்டம் இருக்காது. பெரிய ராட்டினங்களை மாற்றி மாற்றி நிறுத்தி, முழுசாகப் பிரித்துப் பார்க்க அதை விட நல்ல நேரம் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும். கோடைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வார நாள் காலையில், இருக்கைகளில் மணல் மூட்டையையும் நாலு ஊழியர்களையும் ஏற்றி, ராட்டினத்தை உச்சியில் நிறுத்தி, கரண்டை அணைத்துவிட்டு, எல்லோரையும் இறக்கிக் காட்டட்டும். தீயணைப்புப் படையினரையும் முன்கூட்டியே கூப்பிட்டு, ஸ்கை லிப்ட் வாகனம் உள்ளே எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்று பார்த்து வைக்கட்டும். பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் எதிரே நின்று பார்க்கட்டும். கையில் ஸ்டாப் வாட்சோடு நாங்களும் வருகிறோம்.